வாத்தியார் ஜீவனமும் மாணவர் அனுபவமும்

ஆஸ்திரேலியாவில் சர்வகலாசாலைகளைப் பற்றியே ஆராய்வதற்கென்று ஒரு தனிச் சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. ரசாயனத்தை ஆராய்கிறவர்களும் சரித்திரத்தை ஆராய்கிறவர்களும் இருப்பதுபோல, பாடம் சொல்கிறவர்களையும் பாடம் கேட்கிறவர்களையும் ஆராய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிள்ளையையோ பெண்ணையோ மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் படிக்க அனுப்பிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குமேல் டெலிபோனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் அடையாறிலும் தியாகராய நகரிலும் அநேகம். ஆகையால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் (இப்போது கப்பல் ஏது, விமானம்தான்) ஏஜெண்டு கையில் கொடுக்கிற வழவழப்பான காகிதத்தில் 'மாணவர் அனுபவம்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு மார்க்கும் அச்சடித்திருக்கும்.

அந்த மார்க்குக்கு ஒரு வம்சாவளி உண்டு. பால் ராம்ஸ்டன் என்ற அறிஞர் தயாரித்த ஒரு கேள்வித்தாளை 1993 முதல் அந்த நாடு முழுவதும் படித்து முடித்து வெளியேறுகிறவர்களிடம் கொடுத்து வந்தார்கள். ஆசிரியர் நன்றாக விளக்கினாரா? எழுதிக் கொடுத்ததைப் பார்த்து உபயோகமான அபிப்பிராயம் சொன்னாரா? பாரம் தாங்க முடிந்ததா? இப்படிப்பட்ட விஷயங்களுக்கு 'ஆம்' முதல் 'இல்லை' வரை ஏதாவது ஒரு படியில் குறி போட வேண்டும். 2015 முதல் இத்தகைய கணக்கெடுப்புகளின் முடிவுகளை அரசாங்கமே ஓரிடத்தில் திரட்டி வெளியிடுகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், ஆசிரியர்களின் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி வேறு சிலர் ஆராய்கிறார்கள். எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் மணிக்கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள், ஒருவர் எத்தனை வருஷம் காத்திருந்து எந்தப் படிக்கு ஏறினார் என்பதெல்லாம் அவர்களுடைய அட்டவணைகளில் இருக்கின்றன. இரண்டும் கெட்டிக்காரத்தனமான ஆராய்ச்சிகள்தாம். என்னுடைய புகார், இரண்டும் பெரும்பாலும் இரண்டு மேஜைகளில் தனித்தனியாகக் கிடக்கின்றன என்பதுதான்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 2024 டிசம்பரில் மெல்போர்ன் சர்வகலாசாலை, தன்னிடம் வேலை பார்த்த 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. தொகை 7 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். குறைந்ததற்குக் காரணங்களில் ஒன்று விசித்திரமானது. மாணவர் எழுதிய தாளைத் திருத்துகிறவருக்கு, அவர் திருத்திய நேரத்துக்குக் கூலி இல்லை. ஒரு மணிக்கு இத்தனை வார்த்தை திருத்த வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அளவு வைத்து, அந்தக் கணக்கில் பணம் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தி நிதானமாக வாசித்து, ஓரத்தில் நாலு வரி எழுதினவர் தம் கைக்காசைச் செலவழித்தார் என்று அர்த்தம். அவசரமாகப் புரட்டி மார்க்குப் போட்டவர் பிழைத்துக்கொண்டார். 'உபயோகமான அபிப்பிராயம் சொன்னாரா?' என்ற கேள்விக்கு எதிரே குறி போடுகிற பையனுக்கு இது எப்படித் தெரியும்? சம்பவம் ஒன்றுதான். அது ஓர் ஆராய்ச்சியில் மாணவர் அனுபவமாகவும், மற்றோர் ஆராய்ச்சியில் ஆசிரியர் ஜீவனமாகவும் பதிவாகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். பிரிந்து கிடக்கிற இரண்டு கணக்குகளை ஒரே ஏட்டில் எழுதக்கூடியது கதை ஒன்றுதான். தமிழில் அப்படி எழுதப்பட்ட மிகச் சிறந்த புஸ்தகம் எது என்று கேட்டால், நான் எந்த நாவலையும் சொல்ல மாட்டேன். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைத்தான் சொல்லுவேன்.

இந்தப் புஸ்தகத்தைப் பழைய ஏடுகளைத் தேடின கதை என்று நினைத்துப் படிக்கிறவர்களே அதிகம். சிந்தாமணி கிடைத்தது, சிலப்பதிகாரம் கிடைத்தது என்று அந்தப் பக்கங்களுக்கு ஓடிவிடுகிறார்கள். முற்பாதியை நிதானமாகப் படித்தால், ஒரு மாணவன் எப்படி உண்டாகிறான், அவனை உண்டாக்குகிற ஆசிரியர் எதைத் தின்று ஜீவிக்கிறார் என்ற இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும்.

1871-இல் தகப்பனார் வேங்கடசுப்பையர் பிள்ளையை மாயூரத்துக்கு அழைத்துக்கொண்டு போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நிறுத்துகிறார். மகாவித்துவானுக்கு உடனே சந்தோஷம் பொங்கிவிடவில்லை. படிக்க வேண்டுமென்று எத்தனையோ பேர் வருகிறார்கள், சில நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது அவர் குறை. அடுத்த கேள்வி சாப்பாடு. பையன் பிராமணன்; பிள்ளையவர்கள் வீட்டில் சாப்பிட முடியாது; வேறிடத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். ஜாதியும் பணமும் இப்படி முதல் நாளிலேயே பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஐயர் இதைக் குற்றமாகவும் எழுதவில்லை, பெருமையாகவும் எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போகிறார். எழுத்தாளனுக்கு வர வேண்டிய அடக்கம் அது.

பிறகு பாடம் ஆரம்பிக்கிறது. பெரிய காவியங்களைக் கேட்க வேண்டுமென்று துடிக்கிற பையனுக்குச் சின்னச் சின்னப் பிரபந்தங்கள்தாம் கிடைக்கின்றன. ஏன்? ஆசிரியருக்கு வேறு வேலை இருக்கிறது. ஊர்ப் பிரமுகர்கள் தங்கள் தலத்துக்கு ஒரு புராணம் வேண்டுமென்று கேட்பார்கள், பிள்ளையவர்கள் செய்யுளாகச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள், பாடி முடிந்ததும் அரங்கேற்றம், அரங்கேற்றத்தில் சம்மானம். 'அம்பர்ப் புராணம்' அப்படி அரங்கேறியதை ஐயர் விவரமாகவே எழுதியிருக்கிறார். வேலைக்கு இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும் என்று இன்றைக்கு நிபந்தனை இருக்கிறதே, அதற்கும் தலபுராணத்துக்கும் அதிக தூரம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஜீவனத்துக்காக எழுதப்படுகிறவை. இரண்டும் மாணவனுக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறவை. ஒரு வித்தியாசம் உண்டு. பிள்ளையவர்கள் புராணம் பாடும்போது மாணவன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினான்; ஒரு செய்யுள் எப்படிப் பிறக்கிறது என்பதை அவன் கண்ணாரக் கண்டான். இன்றையக் கட்டுரை எந்த ராத்திரியில் எழுதப்படுகிறது என்பது மாணவனுக்குத் தெரியாது.

ஓர் இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பிள்ளையவர்கள் எண்ணெய் ஸ்நானம் செய்துகொள்ளப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் எண்ணெய் இல்லை. நாடெல்லாம் புகழ்கிற மகாவித்துவான், எண்ணெய் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். மாணவர் அதைத் தெரிந்துகொண்டு, கடைக்கு ஓடிப்போய், தம் கையிலிருந்த காசைக் கொடுத்து எண்ணெய் வாங்கி வந்து உள்ளே கொடுத்துவிடுகிறார். ஆசிரியரின் தரித்திரத்தை மாணவன் கண்டுகொண்ட அந்தத் தருணத்தை எந்தக் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தில் குறிப்பது? அந்த வீட்டில் எண்ணெய் இல்லாததற்கும், பையனுக்குக் காவியப் பாடம் தாமதமானதற்கும் காரணம் ஒன்றே. இதை ஐயர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்தடுத்து எழுதியிருக்கிறார், படிக்கிறவருக்குப் புரிந்துவிடுகிறது.

பக்தியினால் கண் மறைந்துபோன மாணவரென்று அவரை நினைத்துவிடக் கூடாது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் சங்கீதமும் கற்றுக்கொண்டார். விஷயம் ஆசிரியர் காதுக்கு எட்டியது. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் நிற்காது என்பது ஆசிரியர் கட்சி. பையன் சங்கீதத்தை விட்டுவிட்டார். தகப்பனார் சங்கீத வித்துவான். வீட்டு வித்தையை விடுவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! ஆசிரியரிடம் மாணவன் பெறுவதை எண்ணுகிற ஆராய்ச்சிகள் உண்டு. மாணவன் ஆசிரியருக்காக இழப்பதை எண்ணினவர்கள் எத்தனை பேர்? 1880-இல் கும்பகோணம் காலேஜில் தியாகராச செட்டியாரின் ஸ்தானத்துக்கு, மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் ஐயர் வந்தபோது, அந்த வகுப்பைக் கட்டிப்போட்டதில் அவர் செய்யுட்களை ராகத்தோடு சொன்னதற்கும் பங்கு இருந்தது. விட்டுவிட்ட சங்கீதம் வேறு வழியாகத் திரும்பி வந்து உத்தியோகத்தைக் காப்பாற்றியது.

அந்த வருஷமே அக்டோபர் மாதத்தில் முன்சீபு சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். தாம் கேட்ட பாடங்களை வரிசையாகச் சொல்லுகிறார். முதலியார் அசையவில்லை. அதற்கு முன்னால் உள்ளவற்றைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்பது போல அவருடைய கேள்வி போகிறது. ஒரு பண்டிதர் தம் வித்தை முழுவதையும் கடை பரப்பிக் காட்ட, எதிரே இருப்பவர் அதனால் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரிப் பார்க்கிறார். இருபத்தைந்து வயதில் வேலையும் சம்பளமும் நிலைத்துவிட்ட ஒருவருக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்! பகலில் காலேஜ், ராத்திரியில் ஏடு என்று ஏழு வருஷம் பாடுபட்டு 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அதற்காக உத்தியோகத்தில் ஒரு படி ஏறலாம் என்கிற கணக்கு அன்றைக்குக் கிடையாது.

புஸ்தகத்தில் ஒரு பெரிய குறை உண்டு. குறை ஆசிரியருடையதன்று, காலனுடையது. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்துகொண்டிருந்த 'என் சரித்திரம்', 1942 ஏப்ரலில் ஐயர் காலமானதோடு நின்றுவிட்டது. 1950-இல்தான் புஸ்தகமாக வந்தது. கதை 1899 வாக்கில் நிற்கிறது. அவர் சென்னைக்கு வந்து ராஜதானிக் கலாசாலையில் சேர்ந்தது 1903-இல். ஓய்வு பெற்றது 1919-இல். அந்தப் பதினாறு வருஷமும் சுயசரிதையில் இல்லை!

நமக்கு வேண்டியது அந்தப் பதினாறு வருஷம்தான். கும்பகோணம் வரையில் குருகுலத்தின் வாசனை போகவில்லை. கடற்கரையில் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்தபிறகு வேறு உலகம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் நிரம்பிய உயர்ந்த கல்விச் சர்வீஸ் ஒன்று, நம்மவர்களுக்கு அதற்குக் கீழே வேறு சர்வீஸ் என்று அடுக்கடுக்காகப் பிரித்திருந்த காலம். 1909-இல் எஸ். ராதாகிருஷ்ணன் அதே கலாசாலையில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்தார். பிற்பாடு ராஷ்டிரபதி ஆனவரும், அதற்குள் மகாமகோபாத்தியாயர் ஆகிவிட்டிருந்த தமிழாசிரியரும் ஒரே வராந்தாவில் நடந்திருக்கிறார்கள். மணி அடித்ததும் எழுந்து போகிற வகுப்பு, பரீட்சைக்கு வைத்த பகுதிக்குமேல் கேட்க விரும்பாத பையன்கள், இங்கிலீஷ் தெரியாத பண்டிதரைப் பார்க்கிற பார்வை, இவற்றை அந்தக் கிழவர் தம் நிதானமான நடையில் எழுதியிருந்தால், இந்த நூற்றாண்டின் கலாசாலை வாழ்க்கைக்கு நமக்கு ஒரு மூல நூல் கிடைத்திருக்கும். திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டையும் 2012-இல் இடித்துவிட்டார்கள். பெஸன்ட் நகரில் அவர் பேரால் உள்ள நூல்நிலையம் இருக்கிறது. ஏடுகளும் காகிதங்களும் அங்கே இருக்கின்றன. மயிலாப்பூரிலிருந்து வெளிவந்த 'கலைமகள்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கி. வா. ஜகந்நாதன், ஐயரின் மாணவர், 'என் ஆசிரியப்பிரான்' என்று எழுதி விட்ட கதையைத் தொடர்ந்தார். நன்றியும் தகவலும் நிறைந்த புஸ்தகம்தான். ஆனால் எண்ணெய் இல்லாத வீட்டைக் காட்டுகிற துணிச்சல் சிஷ்யருக்கு இல்லை. குருவுக்கு இருந்தது.

பிற்பாடு வந்த நாவலாசிரியர்கள் என்ன செய்தார்கள்? மு. வரதராசனார் தாமே பச்சையப்பன் கல்லூரியில் 1961 வரை பேராசிரியர். மாணவர் வாழ்க்கையை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் யார்? 1958-இல் வந்த 'அகல் விளக்கு' நாவலில் சந்திரன், வேலய்யன் என்று இரண்டு சிநேகிதர்கள். கெட்டிக்காரன் கெடுகிறான், சாதாரணன் நிலைக்கிறான். சாகித்ய அகாதெமிப் பரிசும் பெற்றது. ஹாஸ்டலில் தனிப்படுகிற பையனின் மனசை அவர் அறிவார். ஆனாலும் அந்த நாவலில் பேராசிரியர் கதைக்குள் இல்லை, கதைக்கு வெளியே கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். ஒவ்வொரு அத்தியாயமும் ஒழுக்கத்தில் வைத்த ஒரு பரீட்சை. மாணவனுடைய அனுபவம் முழுக்க அவனுடைய குணத்தினால் வந்ததாகவே ஆகிவிடுகிறது. அவனுக்குப் பாடம் சொன்னவர்களின் நிலைமைக்கு அதில் பங்கே இல்லை.

நா. பார்த்தசாரதியின் 'பொன் விலங்கு' மறுபக்கத்துக் கதை. அறுபதுகளில் 'கல்கி'யில் வந்தது. மல்லிகைப்பந்தல் கல்லூரிக்கு வேலை தேடிப் போகிற சத்தியமூர்த்தியை அந்த நாளில் எத்தனையோ வீடுகளில் வாராவாரம் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஒரு தனியார் கல்லூரியின் முதலாளிக்கு முன்னால் படித்தவன் எப்படி நிற்க வேண்டியிருக்கிறது என்பதைத் தமிழில் வெளிச்சம் போட்டுக் காட்டிய நாவல் அது. அந்தக் கௌரவத்தை யாரும் குறைக்க முடியாது. குறை என்னவென்றால், சத்தியமூர்த்தி வகுப்பில் தோற்பதே இல்லை. அவன் பேசினால் மாணவர்கள் மயங்குகிறார்கள். சம்பளக் கவலையோடு வகுப்புக்குப் போய், சொல்ல வந்தது தொண்டையில் நின்று, நாற்பது நிமிஷத்தை எப்படியோ தள்ளிவிட்டு வந்த நாள் அவனுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. லட்சியவாதிக்குப் பசி உண்டு என்று நா. பா. ஒப்புக்கொள்வார், அந்தப் பசி அவன் பாடத்தைக் கெடுக்கும் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆர். கே. நாராயணன் இங்கிலீஷில் எழுதிய 'தி இங்கிலீஷ் டீச்சர்' (1945) கதாநாயகன் கிருஷ்ணன், மாதம் நூறு ரூபாய்க்காக வகுப்பில் கத்திவிட்டு வருவதைத் தானே சலிப்போடு ஒப்புக்கொள்கிறான். கடைசியில் காலேஜை விட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறான். இந்த ஓர் விஷயத்தில் அது நம் தமிழ் நாவல்களைவிட யோக்கியமான புஸ்தகம்.

இன்றைக்கு நம் சர்க்கார் கலாசாலைகளில் நடப்பதைப் பார்த்தால், அந்த யோக்கியதை எவ்வளவு அவசியமென்று தெரியும். கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு ஜாதி உண்டாகியிருக்கிறது. பெயரில் மட்டும் கௌரவம். எம்.ஏ., எம்.பில்., டாக்டர் பட்டம் எல்லாம் உண்டு, நிரந்தரம் இல்லை. இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஓர் அளவு சொன்னது. தமிழ்நாட்டில் 2022-இல் அறிவித்தது 20,000. பிற்பாடு 25,000 ஆயிற்று. அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்கு. பல கலாசாலைகளில் வகுப்புகளின் பெரும் பகுதியை நடத்துகிறவர்கள் இவர்கள்தாம். மொழிப் பாடம் இவர்கள் தலையில், முதல் வருஷத்துக் கூட்டம் இவர்கள் தலையில். கிராமத்திலிருந்து முதன்முதலாகக் காலேஜ் படியேறுகிற பெண்ணுக்குச் சர்வகலாசாலை என்றால் இவருடைய முகம்தான்.

நிரந்தரம் ஆனவர்களுக்கும் நிம்மதி இல்லை. மானியக் குழு 2010-இல் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு புள்ளி என்று வைத்தது. கட்டுரைக்குப் புள்ளி, கருத்தரங்குக்குப் புள்ளி. உடனே, காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கிற ஆராய்ச்சிப் பத்திரிகைகள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்தன. நல்ல பத்திரிகை எது என்று 2019-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 2025-இல் அந்தப் பட்டியலையும் கைவிட்டார்கள். இதற்கு நடுவில், கலாசாலைகளுக்குத் தரம் போடுகிற 'நாக்' சபை 2017-இல் மாணவர்களின் திருப்தியையும் அளக்க ஆரம்பித்தது. இருபது சொச்சம் கேள்விகள். ஆசிரியர் பாடத்தை எவ்வளவு முடித்தார், எவ்வளவு நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்தார் என்றெல்லாம் கேட்கிறார்கள். தயார் செய்துகொள்ள அவருக்கு நேரம் இருந்ததா, சாயங்காலம் எத்தனை டியூஷன் வீடுகளுக்குச் சைக்கிள் மிதித்தார் என்று கேட்க அதில் இடமில்லை. ஆஸ்திரேலியாவில் பார்த்த அதே இரண்டு மேஜைகள் இங்கேயும் வந்துவிட்டன.

இந்தக் கௌரவ விரிவுரையாளரைக் கதாநாயகராக வைத்து ஒரு முழு நாவல் வேண்டும். அவரைத் தியாகியாக்கிவிட்டால் போச்சு; சத்தியமூர்த்தியின் பேரன் ஒருவன் கிடைப்பான், அவ்வளவுதான். போராட்டமும் கோஷமும் மட்டும் இருந்தாலும் போதாது; அதைப் பத்திரிகை நிருபர் செய்துவிடுவார். ஒரு வகுப்பு கெட்டுப்போவதைக் காட்ட வேண்டும். ஏன் கெட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூன்றாவது பெஞ்சில் இருக்கிற ஒரே ஒரு மாணவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் அதை அவரிடம் சொல்லக் கூடாது. பரீட்சை முடிந்து கலாசாலை மூடுகிற மே மாதத்தில், சம்பளம் இல்லாத அந்த ஒரு மாதத்தில், தியாகராய நகர் ஜவுளிக்கடை எதிலாவது அவர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் தன் தாயாரோடு புடவை வாங்க வரலாம். அந்த இடத்தில் அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எழுதத் தெரிந்தவர், வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்களில்தான் யாராவது இருப்பார்.